கப்பல் விடும் நாளில்தான் திரும்பலாம்

சென்ற மாதம் இந்தப் பகுதியில் லிட்டில் அந்தமான் தீவைப் பற்றி ஒரே ஒரு பத்தி எழுதினேன். 2007 முதல் 2014 வரை அங்கே ஹட் பே என்னும் ஊரில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன் என்று போகிறபோக்கில் குறிப்பிட்டிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களால் மேசை நிறைந்துவிட்டது. இந்த மாதம் வேறு எந்தக் கேள்வியையும் எடுக்கவில்லை. பக்கம் முழுவதும் அந்தத் தீவுக்குத்தான்.

டீச்சர், எங்களுக்கு ஆறு நாள் விடுமுறை. போர்ட் பிளேர், ஹேவ்லாக் இரண்டையும் பார்த்துவிட்டு, நடுவில் ஒரு நாள் லிட்டில் அந்தமானுக்கும் போய்வருவதாகப் பயண ஏற்பாட்டாளர் ஒருவர் திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார். சரிப்பட்டு வருமா?
– வாசகி, கும்பகோணம்

வராது அம்மா. அந்த ஒரு நாளை வெட்டிவிடுங்கள். இல்லையென்றால் மற்ற இரண்டையும் வெட்டிவிட்டு ஆறு நாளையும் இந்தத் தீவுக்கே கொடுங்கள்.

போர்ட் பிளேர் துறைமுகத்திலிருந்து ஹட் பேக்கு அரசுக் கப்பலில் ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும். (ஊரின் பெயரை 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள். எனக்கு இன்னும் பழைய பெயர்தான் வாயில் வருகிறது.) போக ஏழு, வர ஏழு என்று வைத்துக்கொண்டால் உங்கள் ஒரு நாள் கப்பல் தளத்திலேயே கழிந்துவிடும். அதுகூடப் பரவாயில்லை. திரும்பும் கப்பல் நீங்கள் நினைத்த நாளில் புறப்படும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. கப்பல் அட்டவணை சில நாட்களுக்கு முன்புதான் தெரியவரும். அறிவித்த பிறகும் கடல் கொந்தளித்தால் ரத்துதான்.

2013 நவம்பரில் என் மகளுக்குத் திருச்சியில் வளைகாப்பு. ஒரு மாதத்துக்கு முன்பே விமான டிக்கெட் எடுத்து, பெட்டியைக் கட்டி, கண்ணாடி வளையல்களைப் பழைய புடவையில் சுற்றி வைத்திருந்தேன். அந்த வாரம் லெஹர் புயல் அந்தமான் பக்கம் வந்தது. படகுத்துறையில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள். கப்பல் இன்றைக்கு இல்லை, நாளைக்கும் இல்லை என்றே ஐந்து நாட்கள் போயின. வளைகாப்பைத் தொலைபேசியில்தான் கேட்டேன். அப்போது தீவுக்குத் தொலைபேசி செயற்கைக்கோள் வழியாக வரும். நான் பேசிய சொல்லே ஒரு கணம் கழித்து என் காதில் திரும்ப ஒலிக்கும். "நல்லா இரும்மா" என்று நான் சொன்னதும், அங்கே பாட்டுச் சத்தத்துக்கு நடுவில் அந்த "நல்லா இரும்மா" எனக்கே திரும்பி வந்ததும் இன்னும் மறக்கவில்லை. வளையல்களை அடுத்த மாதம்தான் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

ஆகவே என் கணக்கு இது: தீவில் குறைந்தது நான்கு இரவு. ஊர் திரும்பும் விமானத்துக்கு முன்னால் போர்ட் பிளேரில் இரண்டு நாள் கையிருப்பு. இதற்குக் குறைவாக நாள் இருந்தால் ஹேவ்லாக்குக்கே போங்கள், அதுவும் அழகான இடம்தான். லிட்டில் அந்தமானை அவசரமாகப் பார்த்துவிட்டு "ஒன்றுமே இல்லை" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால் எனக்கு மனம் நோகிறது.

அம்மாவுக்கு 66 வயது. பஸ்ஸில் போனாலே தலைசுற்றல் வரும். கப்பல் தாங்குமா? ஹெலிகாப்டர் இருப்பதாகச் சொல்கிறார்களே?
– வாசகர், மதுரை

ஹெலிகாப்டர் இருக்கிறது. ஆனால் நோயாளிகளுக்கும் தீவுவாசிகளுக்கும் முன்னுரிமை, அப்படித்தான் இருக்கவும் வேண்டும். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

ரட்லண்டு தீவு பின்னால் போகும்வரை கப்பல் அதிகம் ஆடாது. அதைத் தாண்டி டங்கன் நீரிணைக்குள் நுழைந்ததும் திறந்த கடலின் ஆட்டம் தொடங்கும். அம்மாவுக்குப் படுக்கை டிக்கெட் எடுங்கள். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் இருந்தால் ஆட்டம் குறைவாகத் தெரியும். வெறும் வயிற்றோடு ஏற்றாதீர்கள், அதுதான் பலரும் செய்யும் தவறு. இரண்டு இட்லியோ கொஞ்சம் தயிர்சாதமோ உள்ளே இருக்க வேண்டும். மாத்திரையைப் புறப்படுவதற்கு அரை மணி முன்பே மருத்துவரைக் கேட்டுக் கொடுத்துவிடுங்கள். வாந்தி வந்த பிறகு கொடுத்துப் பயனில்லை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும், அந்த மாதங்களில் கூட்டிப்போங்கள். மே மாதத்தோடு தென்மேற்குப் பருவமழை வந்துவிடும்.

சென்னையிலிருந்தே கப்பலில் வரலாமா என்று நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள். மூன்று நாள் ஆகும். இளைஞர்கள் வரலாம். உங்கள் அம்மா வேண்டாம்.

அங்கே அப்படி என்னதான் இருக்கிறது? எங்கெங்கே பார்க்க வேண்டும் என்று வரிசையாக எழுதுங்களேன்.
– வாசகர், ஈரோடு

வரிசையாக எழுதினால் சின்னதாகத்தான் வரும். படகுத்துறையிலிருந்து கிழக்குக் கரையை ஒட்டி வடக்கே ஒரு சாலை போகிறது. தீவின் ஊர்கள் எல்லாம் ஏறக்குறைய அந்த ஒரே சாலையில்தான். ஊர்ப் பெயரைவிடத் துறையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதே அங்கே முகவரி. "பதினோராம் கிலோமீட்டரில் இறங்குகிறேன்" என்றுதான் பஸ்ஸில் டிக்கெட் கேட்பார்கள். வந்த புதிதில் எனக்கு வேடிக்கையாக இருந்தது. பிறகு என் மாணவிகளையே கிலோமீட்டரோடு சேர்த்து நினைவில் வைக்கத் தொடங்கிவிட்டேன்.

ஆறேழு கிலோமீட்டரில் வொயிட் சர்ஃப் அருவி. குற்றாலத்தை மனத்தில் வைத்துக்கொண்டு போகாதீர்கள், இது உயரமான அருவி இல்லை. காட்டுக்குள் நடந்துபோய்ச் சேரும்போது, தண்ணீர் விழுகிற ஓசை முதலில் வரும், பிறகு குளிர்ச்சி வரும், கடைசியில்தான் அருவி கண்ணில் படும். வழியில் நிற்கும் படாக்கு மரங்களின் அடிப்பகுதியைப் பாருங்கள். வேர்கள் பலகைபோலத் தரைக்கு மேலே எழுந்து, சுவர் வைத்ததுபோல நாலாபக்கமும் ஓடும். நான்கு பிள்ளைகள் அந்தப் பலகை வேர்களுக்கு இடையில் ஒளிந்துகொண்டால் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்க முடியாமல் ஒரு பிற்பகல் முழுவதும் நான் தவித்திருக்கிறேன். மழை முடிந்த கையோடு, டிசம்பர் ஜனவரியில் அருவியில் நல்ல தண்ணீர். மார்ச்சுக்கு மேல் இளைத்துவிடும். மழை ஈரம் இருக்கும்போது அட்டை ஏறும், கொஞ்சம் உப்பு கொண்டுபோங்கள்.

பதினான்காம் கிலோமீட்டர் அளவில் பட்லர் பே. தென்னந்தோப்பு முடிந்ததும் வளைந்து கிடக்கும் நீண்ட வெண்மணல் கரை. அலைச்சறுக்கு விளையாடுகிறவர்கள் எங்கிருந்தெல்லாமோ தேடி வருவார்கள். நீந்தத் தெரிந்தவர்களும் அங்கே கவனமாக இருக்க வேண்டும், அலையின் இழுப்பு பலமாக இருக்கும். ஓடைகள் கடலில் சேரும் இடங்களில் காலைக்கூட நனைக்காதீர்கள். உவர்நீர் முதலைகள் ஓடையிலும் இருக்கும், கடலிலும் நீந்தும். எச்சரிக்கைப் பலகை இருந்தால் படியுங்கள். பலகை இல்லாவிட்டால் அங்குள்ள ஒருவரைக் கேளுங்கள். கேட்பதற்கு மொழி ஒரு தடையே இல்லை. வங்காளிகள் நிறைய, தமிழர்களும் உண்டு, எல்லோருக்கும் பொதுவாக இந்தி.

மற்றபடி, விடுதிகள் எளிமையானவை. ரொக்கம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 2020-இல் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் போட்ட பிறகு இணையமும் தொலைபேசியும் என் காலத்தைப்போல இல்லை, நன்றாகவே கிடைக்கின்றன. கப்பல் நான்கு நாள் வராவிட்டால் கடையில் தக்காளி இருக்காது. மீன் இருக்கும்.

ஆமை முட்டையிடுவதை நேரில் பார்த்திருக்கிறீர்களா? நாங்களும் பார்க்க முடியுமா?
– கல்லூரி மாணவி, தூத்துக்குடி

பார்த்திருக்கிறேன், ஒரே ஒரு முறை. ஏழு ஆண்டில் ஒரு முறைதான் அந்த வாய்ப்புக் கிடைத்தது.

உங்கள் ஊர் மீனவர்கள் ஏழுவரி ஆமை என்று சொல்வார்களே, முதுகில் நீளவாட்டில் ஏழு வரம்பு ஓடும் ஆமை, அதுதான். உலகில் வாழும் ஆமைகளிலேயே மிகப் பெரியது. மற்ற ஆமைகளைப்போலக் கெட்டியான ஓடு கிடையாது, தோல் போர்த்திய முதுகு. லிட்டில் அந்தமானில் தெற்குக் கரையான சவுத் பேயிலும் மேற்குக் கரையான வெஸ்ட் பேயிலும் வந்து முட்டையிடுகிறது. இந்தியாவில் இந்த ஆமை முட்டையிடும் கரைகள் அந்தமான் நிக்கோபார் தீவுகளில்தான் இருக்கின்றன.

ஒரு பிப்ரவரி இரவு வனத்துறைக் காவலர்களோடு சவுத் பேக்குப் போக அனுமதி கிடைத்தது. நிலவு இல்லை. டார்ச்சின் முகத்தில் சிவப்புத் துணியைக் கட்டியிருந்தார்கள். இரண்டு மணி நேரம் மணலில் நடந்த பிறகு, முன்னால் போனவர் கையை உயர்த்தி நிறுத்தினார். கடலிலிருந்து மேட்டுக்கு மணலில் ஒரு தடம். டிராக்டர் ஏறிப்போனது போன்ற தடம். அதன் முடிவில் கறுப்பாக ஏதோ இருந்தது. முதலில் நான் கேட்டது அதன் மூச்சை. பெரிய மனிதர் ஒருவர் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு விடும் பெருமூச்சு போல இருந்தது.

பின்துடுப்புகளால் குழி தோண்டிக்கொண்டிருந்தது. அந்தத் துடுப்பைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். கண்ணால் பார்க்க முடியாத பின்பக்கத்தில், ஒரு துடுப்பு குழிக்குள் இறங்கி, உள்ளங்கை குழித்ததுபோல மடங்கி, ஒரு பிடி மணலை அள்ளி மேலே கொண்டுவந்து ஓரமாக வைக்கும். உடனே மற்றத் துடுப்பு இறங்கும். ஒரு பிடி மணல்கூட உள்ளே சரியவில்லை. என் பாட்டி அரிசிப் பானைக்குள் கைவிட்டு அடியிலிருந்து அரிசி எடுப்பதைப் பார்த்ததுபோல இருந்தது. குழி ஒரு கை ஆழம் ஆனதும் முட்டைகள் விழத் தொடங்கின. பெரிய எலுமிச்சை அளவு, வெள்ளை, தோல் மெத்தென்று இருக்கும். கடைசியில் சின்னச்சின்ன முட்டைகளாக விழுந்தன. அவற்றில் கரு இருக்காதாம்.

கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. வலியில் அழுகிறது என்று நினைத்தேன். கடல் தண்ணீரோடு உடலுக்குள் போகும் உப்பைக் கண்ணருகே இருக்கும் சுரப்பி வெளியேற்றுகிறது என்று காவலர் விளக்கினார். அது தெரிந்த பிறகும் எனக்கு அது அழுகையாகத்தான் இருந்தது. குழியை மூடி, மணலை அழுத்தி, பிறகு இடம் தெரியாமல் இருக்கச் சுற்றிலும் மணலை வாரி இறைத்துவிட்டுக் கடலுக்குள் போய்விட்டது. முட்டை பொரிய இரண்டு மாதம் ஆகும். தாய் திரும்பி வந்து பார்ப்பதில்லை.

இங்கே முட்டையிட்ட ஆமைகளின் முதுகில் ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பார்த்தபோது, சில ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைப் பக்கம் போயின. ஒன்று இந்தியப் பெருங்கடலைக் குறுக்கே கடந்து ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் வரை போனது. சொறி மீனைத் தின்று வாழும் ஒரு பிராணிக்கு இவ்வளவு தெம்பு! 2004 சுனாமியில் இந்தக் கரைகளின் மணலே போய்விட்டது. சில ஆண்டுகளில் கடல் மறுபடி மணலைக் கொண்டுவந்து சேர்த்தது, ஆமைகளும் மறுபடி வந்தன.

நீங்கள் பார்க்க முடியுமா என்றால், நவம்பர் முதல் மார்ச் வரை பருவம். வனத்துறையின் அனுமதியும் துணைக்கு அவர்களின் ஆளும் இல்லாமல் போகக் கூடாது. அனுமதி கிடைக்காவிட்டால் வற்புறுத்தாதீர்கள். கிடைத்தால் கைப்பேசியை அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கரையேறும் ஆமை வெளிச்சத்தைக் கண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும். குஞ்சுகளோ வெளிச்சத்தைக் கடல் என்று எண்ணித் தவறான பக்கம் ஊர்ந்துபோகும். யாருக்கும் தெரியாமல் கூட்டிப்போகிறேன் என்று எவராவது பணம் கேட்டால், தயவுசெய்து மறுத்துவிடுங்கள் மகளே.

அங்கே வாழும் ஆதிவாசிகளைப் பார்த்துப் படம் எடுக்க ஏற்பாடு செய்ய முடியுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

முடியாது. முயலவும் கூடாது. அவர்கள் ஓங்கே மக்கள். நூறு பேருக்குச் சற்று மேல்தான் இருக்கிறார்கள். டுகாங் கிரீக் பகுதி அவர்களுடைய ஒதுக்கிடம். உரிய அனுமதி இல்லாமல் உள்ளே போவதும் படம் எடுப்பதும் 1956-ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு விதிமுறைப்படி குற்றம், சிறைக்கு அனுப்புவார்கள்.

சட்டத்தை விடுங்கள். 1957-இல் தீவு முழுவதையும் அவர்களுக்கென்று ஒதுக்கினார்கள். பிறகு 1970-களில் குடியேற்றத்துக்காக ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். நான் பாடம் நடத்திய வகுப்பறை நின்ற மண்ணும் அவர்களுடைய மண்தான். இதை நான் அங்கிருந்த ஒவ்வொரு நாளும் நினைத்தேன். 2008 டிசம்பரில் கரையொதுங்கிய கலன் ஒன்றில் இருந்த திரவத்தை மது என்று எண்ணிக் குடித்து அவர்களில் 8 ஆண்கள் இறந்துபோனார்கள். நூறு பேரில் எட்டுப் பேர்! எங்கோ ஒருவர் கடலில் எறிந்தது இவ்வளவு செய்தது. உங்கள் கேமராவுக்கு அங்கே வேறு எவ்வளவோ இருக்கிறது ஐயா.

மணல் ஈ கடித்தால் வாரக்கணக்கில் அரிக்கும் என்கிறார்களே?
– வாசகி, சேலம்

அரிக்கும், உண்மைதான். கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது. விடியலிலும் அந்தியிலும் கரை மணலில் உட்கார்ந்தால் பிடித்துக்கொள்ளும். கால் கைகளில் தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தடவிக்கொள்ளுங்கள், அங்குள்ளவர்கள் செய்வது அதுதான். வெறும் மணலில் படுக்காதீர்கள். கடித்துவிட்டால் சொறியாமல் இருப்பதுதான் பாதி வைத்தியம். சொறிந்தால் புண்ணாகிவிடும். மலேரியாவும் உண்டு, கொசுவலை கேட்டு வாங்கிப் படுங்கள்.

சங்கு, பவளத் துண்டு எல்லாம் பொறுக்கி வரலாமா?
– எட்டாம் வகுப்பு மாணவன், திண்டுக்கல்

வேண்டாம் தம்பி. கரையில் செத்துக் கிடந்தாலும் பவளத்தை எடுத்துவருவது சட்டப்படி குற்றம், போர்ட் பிளேர் விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து எடுத்துவிடுவார்கள். காலியான சங்கை நீ எடுத்தால் ஒரு துறவி நண்டுக்கு வீடு போய்விடும். உட்கார்ந்து பார், சங்கு நடக்கும்.

சுனாமி வந்த தீவாயிற்றே. குழந்தைகளோடு போகப் பயமாக இருக்கிறது.
– வாசகி, நாகப்பட்டினம்

நாகப்பட்டினத்திலிருந்து இந்தக் கேள்வி வந்ததும் கடிதத்தைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன். ஹட் பே உங்கள் ஊருக்கு ஏறக்குறைய நேர் கிழக்கில்தான் இருக்கிறது. ஒரே காலையில் இரண்டு ஊரையும் அதே கடல் அடித்தது. கடைத்தெரு முழுவதும் போனது. நான் போனபோது குடும்பங்கள் தகரக் கொட்டகைகளில் இருந்தன. மழை பெய்தால் உள்ளே ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது.

ஆறாம் வகுப்பில் ஒரு சிறுமி சன்னலோரம்தான் உட்காருவாள். பாடம் நடக்கும்போதே எட்டிப் பார்ப்பாள். கண்டித்தேன். "தண்ணீர் இடத்திலேதான் இருக்கு டீச்சர்" என்றாள். கடல் உள்வாங்குகிறதா என்று வகுப்புக்காக அவள் காவல் இருந்திருக்கிறாள். அதன் பிறகு அந்த இடத்தை அவளுக்கே விட்டுவிட்டேன். ஒவ்வொரு பாடவேளை முடிவிலும் அவளிடம் கேட்பேன். "இருக்கு டீச்சர்" என்பாள். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு ஒரு நாள் கேட்டபோது, "பார்க்க மறந்துட்டேன்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நீங்கள் போகலாம் அம்மா. 2007 முதல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. ஆனால் சுமத்ராவுக்கு அவ்வளவு அருகில் இருக்கும் தீவில், சங்கொலிக்காகக் காத்திருக்காமல் கால்கள் கிளம்ப வேண்டும். நிலம் பலமாகவோ நெடுநேரமோ ஆடினால், அல்லது கடல் வழக்கத்துக்கு மாறாக உள்ளே போனால், எதையும் எடுக்காமல் மேட்டுக்கு ஏறிவிடுங்கள். ஓங்கே மக்கள் அன்றைக்கு அப்படித்தான் தப்பினார்கள். விடுதியில் சேர்ந்த அன்றே மேட்டுக்குப் போகும் வழியைக் கேட்டு, குழந்தைகளோடு ஒரு முறை நடந்து பார்த்துவிடுங்கள். பிறகு நிம்மதியாக இருங்கள். அங்கே சூரியன் உங்கள் ஊரைவிட முக்கால் மணி நேரத்துக்கும் மேல் முந்தி எழும். டிசம்பரில் மாலை 5 மணிக்கே அடங்கிவிடும். குழந்தைகளை விடியும்போதே எழுப்பிக் கரைக்குக் கூட்டிப்போங்கள்.

அடுத்த மாதம் போகிறோம். அங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு என்ன வாங்கிப்போனால் மகிழ்வார்கள்?
– வாசகர், தஞ்சாவூர்

என் காலத்தில் கப்பல் வரும் நாளில் பழைய வார இதழ்க் கட்டுக்காகத் துறையில் போய் நிற்போம். மூன்று மாதத்துக்கு முந்தைய இதழ் என்றாலும் வீடு வீடாகச் சுற்றி, அட்டை கிழிந்து என்னிடம் திரும்பி வரும். இப்போது எல்லாவற்றையும் கைப்பேசியிலேயே படித்துவிடுகிறார்கள். சிறுவர்களுக்குத் தமிழ்க் கதைப் புத்தகங்கள் கொண்டுபோங்கள், பெரிய எழுத்தாக, படம் போட்டதாக. பெரியவர்களுக்குச் சின்ன வெங்காயம் இரண்டு கிலோ. பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள், கப்பலின் ஈரக்காற்றில் அழுகிவிடும். துணிப்பையில் காற்றோட்டமாக வையுங்கள்.